வாடை என்றால் 34, தென்றல் என்றால் 16

அக்கா மகன் விமானப் பயிற்சியில் சேர்ந்து எட்டு வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயில் எங்கள் வீட்டுக்குப் பசியாற வந்தவன், தோசையை முடித்த கையோடு பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். வானிலைப் பாடநூல். ஐரோப்பாவில் அச்சானது.

"மாமா, வெப்ப முகப்பு, குளிர் முகப்பு, ரெண்டும் சேர்ந்த முகப்புன்னு மூணு அதிகாரம் உருப்போட்டுட்டேன். வெளியே வந்து வானத்தைப் பார்த்தா அதுல ஒண்ணுகூட இல்லையே?"

"இருக்காதுடா. அதெல்லாம் குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் மோதிக்கிற ஊருக்கு. நம்ம ஊர்ல மோதுறதுக்குக் குளிர்ந்த காற்று எங்கே இருக்கு?"

"அப்ப எதுக்குப் படிக்கணும்?"

படிக்கத்தான் வேண்டும். தேர்வில் கேட்பார்கள், நாளைக்கு அவன் லண்டனுக்கோ பெர்த்துக்கோ பெரிய விமானம் ஓட்டும்போது அந்த முகப்புகளுக்குள் நுழைந்துதான் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் இன்றைக்கு அவன் ஏறுவது ஜொகூரின் செனாய் விமானத்தளத்திலிருந்து. செனாய் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.6 பாகையில். இங்கே வானிலை வரைபடத்தில் நீளமாக ஊர்ந்து வருவதில்லை. காலுக்குக் கீழே இருந்து செங்குத்தாக முளைக்கிறது. பாதி, மணிக்கூண்டைப் பார்த்து வருகிறது. அன்று மத்தியானம் வரை அவனோடு பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது பயிற்சியில் இருக்கும் மற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கும் உதவும்.

காற்றிலிருந்து தொடங்கினோம். விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரில் காற்று 210 பாகை, 8 நாட் என்று போட்டிருந்தால் அது 210-லிருந்து வருகிறது என்று பொருள். 210-ஐ நோக்கிப் போகிறது என்பதல்ல. புதிதாகச் சேர்ந்தவர்கள் பதற்றத்தில் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வது உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றமே வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நம் முன்னோர் காற்றுக்குப் பிறந்த வீட்டின் பெயரைத்தான் வைத்தார்கள், போகிற வீட்டின் பெயரை அல்ல. உலகம் முழுக்க விமானிகள் காற்றைச் சொல்லும் முறையும் அதுவே.

செனாயின் ஓடுபாதை 3,800 மீட்டர் நீளம். ஒரு முனைக்கு 16 என்றும் மறுமுனைக்கு 34 என்றும் பெயர். 16-இல் இறங்கும்போது விமானத்தின் மூக்கு 160 பாகையில், தென்தென்கிழக்கைப் பார்த்திருக்கும். 34-இல் இறங்கினால் 340 பாகை. எதிர்க்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது பெரும்பாலும் 16. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெரும்பாலும் 34. "வாடைன்னா 34, தென்றல்னா 16. இதை மட்டும் மனசுல வச்சுக்க, டவர் சொல்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிடும்" என்றேன். இரண்டு பருவத்துக்கும் நடுவே, ஏப்ரலிலும் அக்டோபரிலும், காற்று எந்தப் பக்கமும் சேராமல் சோம்பிக் கிடக்கும். அந்த மாதங்களில் ஓடுபாதை ஒரே நாளில் இரண்டு முறைகூட மாறலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பருவக்காற்றும் ஓடுபாதைக்கு நேர்கோட்டில் வருவதில்லை. 210-லிருந்து வரும் காற்றுக்கும் 160-ஐப் பார்க்கும் ஓடுபாதைக்கும் இடையே 50 பாகை. காற்று 12 நாட் என்றால் அதில் 9 நாட் பக்கக் காற்றாக விமானத்தைத் தள்ளும். செஸ்னா 172 கையேட்டில் செய்து காட்டப்பட்ட பக்கக் காற்றின் அளவு 15 நாட். பயிற்சி விமானிக்கு 9 நாட் சின்ன விஷயமல்ல. அவனுடைய லாக் புக்கில் எத்தனை மணி நேரம் பக்கக் காற்றில் இறங்கிப் பழகியது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான்.

அடுத்தது காற்றின் உடம்பு. பாடநூலின் நியம வளிமண்டலம் கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 பாகை குறைந்துகொண்டே போகும் வெப்பம். ஜொகூரில் எந்த விடியற்காலையிலும் 15 பாகை கிடையாது. குளிர்ந்த மழை நாளில்கூட 22, 23. ஆகவே நம் விமானங்கள் என்றைக்குமே நியமக் காற்றில் பறப்பதில்லை. அதைவிட மெலிந்த காற்றில்தான் பறக்கின்றன.

எவ்வளவு மெலிந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மத்தியானம் 2 மணி, வெப்பம் 33, கியூஎன்ஹெச் (கடல் மட்ட அழுத்தம்) 1009. நியமத்துக்கு 4 ஹெக்டோபாஸ்கல் குறைவு. ஒன்றுக்கு 30 அடி வைத்தால் 120 அடி. செனாயின் உயரம் 135 அடி. ஆக அழுத்த உயரம் 255 அடி. அந்த உயரத்தில் நியம வெப்பம் 14.5 பாகை; நம்முடையது அதைவிட 18.5 பாகை அதிகம். ஒரு பாகைக்கு 120 அடி வீதம் 2,220 அடி. கூட்டினால் 2,475 அடி வந்தது.

"அதாவது விமானம் தரையிலேயே நிக்குது. ஆனா எஞ்சினும் இறக்கையும் தாங்கள் 2,500 அடி உயரத்துல இருக்கறதா நினைக்குதுங்க. தானா ராத்தாவோட உயரத்துல பாதி."

அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "அதனாலதான் காலையில சீக்கிரம் எழும்புற விமானம் மத்தியானம் எழும்ப மாட்டேங்குதா?" அதனால்தான். அத்தோடு ஈரமும் சேர்கிறது. நீராவி கலந்த காற்று கனமானது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். நீர் மூலக்கூறின் எடை 18. உலர்ந்த காற்றின் சராசரி எடை 29. நீராவி எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுக்குக் காற்று லேசாகும். பனிநிலை (நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பம்) 24 பாகை இருக்கும் நாளில் ஜொகூர்க் காற்றில் நூற்றுக்கு 3 பங்கு நீராவி. செனாயில் 3,800 மீட்டர் இருப்பதால் ஒரு சின்ன விமானத்துக்கு இது ஆபத்தாகத் தெரியாது. தியோமான் போன்ற குட்டை ஓடுபாதைக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். எரிபொருளையும் ஆட்களையும் நிறைத்துக்கொண்டு மத்தியானத்தில் கிளம்புகிறவர்களுக்குக் கட்டாயம்.

அழுத்தத்தில் இன்னொரு செய்தி உண்டு. ஐரோப்பியப் பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். அங்கே அழுத்தம் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கெட்ட வானிலை வருகிறது என்று நிமிர்ந்து உட்கார்வார்கள். இங்கே ஒவ்வொரு நாளும் இறங்குகிறது. கடலுக்கு ஓதம் போலக் காற்றுக்கும் உண்டு. காலை 10 மணிவாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை 4-க்குத் தாழும், இரவு 10-க்கு மறுபடி ஏறும், விடியற்காலை 4-க்குத் தாழும். வித்தியாசம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். காலையில் வைத்த கியூஎன்ஹெச்சை மாற்றாமல் மாலையில் திரும்பி வந்தால் ஆல்டிமீட்டர் 100 அடி கூட்டிக் காட்டும். நீங்கள் 1,000 அடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 900 அடியில் வருவீர்கள். வானம் அன்று முழுக்கத் தெளிவாகவே இருந்திருக்கும்.

இனி மணிக்கூண்டுக்கு வருகிறேன். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரைமணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. அன்று முதல் நாம் ஜூலு நேரத்துக்கு (உலகப் பொது நேரத்துக்கு) 8 மணி முன்னே இருக்கிறோம். ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. செனாயில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி 1 மணி சுமாருக்கு. உச்சி வெயிலுக்குப் பிறகும் இரண்டு மணி நேரம் தரை சூடேறிக்கொண்டே இருக்கும் என்பதால், வெப்பச்சலனம் முற்றுவது 3 மணியிலிருந்து 5 மணி வரை. மெட்டாரில் அது 0700 முதல் 0900 ஜூலு. இந்த நேரங்கள் ஜொகூரில் பறக்கும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஒரு நல்ல நாளை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு வெப்பம் 24, பனிநிலை 23. இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் செம்பனைத் தோட்டங்களின் மேல் மென்பனி படுத்திருக்கும். மெட்டாரில் அதற்கு பிஆர் என்று குறி. 'ப்ரூம்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து. கிழக்கே ஏறும் சூரியனைப் பார்த்து அந்தப் பனிக்குள் இறங்குவது, புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் விளக்கை வைத்தது போல் இருக்கும்; மேலிருந்து பார்த்தால் தெரிந்த ஓடுபாதை, சாய்வாக வரும்போது காணாமல் போகும். 9 மணிக்குள் அது கரைந்துவிடும்.

அதற்குப் பிறகு பஞ்சுப் பொதிகள் முளைக்கும். அவற்றின் அடிவயிறு எந்த உயரத்தில் இருக்கும் என்பதைத் தரையில் நின்றே சொல்லலாம். வெப்பத்திலிருந்து பனிநிலையைக் கழித்து 400-ஆல் பெருக்க வேண்டும். 11 மணிக்கு 30-க்கு 24 என்றால் 2,400 அடி. 2 மணிக்கு 32-க்கு 24 என்றால் 3,200 அடி. காரணம் எளியது. மேலேறும் காற்று ஆயிரம் அடிக்கு 3 பாகை குளிர்கிறது, அதன் பனிநிலை அரைப் பாகைதான் இறங்குகிறது; ஆகவே இரண்டும் ஆயிரம் அடிக்கு இரண்டரைப் பாகை வீதம் நெருங்கி, ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடத்தில் மேகம் பிறக்கும்.

பிறந்த பிறகு நடப்பதுதான் நம் ஊரின் கதை. நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு லிட்டர் நீர் அப்படி மாறும்போது வரும் வெப்பத்தைக் கொண்டு, குழாய்த் தண்ணீரில் 8 லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். அந்த அடுப்பு மேகத்தின் உள்ளேயே எரிகிறது. அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று ஆயிரம் அடிக்கு ஒன்றரைப் பாகைதான் குளிர்கிறது; சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவே இருந்து மேலும் மேலும் ஏறுகிறது. ஐரோப்பாவில் இந்த ஏற்றம் 36,000 அடியில் கூரையில் முட்டிக்கொள்ளும். இங்கே கூரை 55,000 அடியில் இருக்கிறது.

ஜொகூருக்கு இன்னொரு சேர்க்கையும் உண்டு. மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல், தெற்கே ஜொகூர் நீரிணை. மத்தியானத்தில் மூன்று பக்கமிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. நிலம் குறுகலானது, குளுவாங், கூலாய், கோத்தா திங்கி வட்டாரத்தில் அவை சந்தித்தால் போக மேலேதான் வழி. தெற்கே நம்மோடு சேர்ந்து கிடக்கும் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கும் மேல் மின்னல் பதிவாகிறது. நம் கணக்கு அதற்குக் குறைந்ததாக இருக்க வழியில்லை.

என் கதையை இந்த இடத்தில்தான் அவனிடம் சொன்னேன். இருபது ஆண்டுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதம். உரிமம் வாங்கிச் சில மாதமே ஆகியிருந்தது. செனாயிலிருந்து மெர்சிங் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். நேர்கோட்டில் 90 கிலோமீட்டர்கூட இல்லை. காலையில் கிளம்ப வேண்டியது தாமதமாகி 2 மணிக்கு ஏறினேன். அந்தத் தாமதத்தை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. போகும்போது இடப்பக்கம் குனோங் பெலுமுட்டின் மேல் ஒரு வெள்ளைத் தூண் நின்றது. அழகாக இருந்தது. மெர்சிங் கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தத் தூண் இரண்டாகி, நான்காகி, தோள் சேர்த்துக்கொண்டு என் வழியை மறித்து நின்றது. அடியில் கறுத்த திரை. மேலே தலை விரிந்து பட்டறைக் கல்லைப் போல ஒரு பக்கமாக நீண்டிருந்தது.

முற்றிய இடிமேகத்துக்குள் காற்று நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல்கூட ஏறும். என் விமானம் நன்றாக ஏறினாலே 600, 700 அடி. மேலே தாண்டிப் போகவே முடியாது. இரண்டு மேகத்துக்கு நடுவே வெளிச்சமான இடைவெளி ஒன்று தெரிந்தது. போய்விடலாம் என்று ஐந்து நிமிடம் அதை நோக்கியே ஓட்டினேன். இடைவெளி மூடிக்கொண்டே வந்தது. இருக்கைப் பட்டை தோளில் அறுத்த முதல் குலுக்கலில்தான் புத்தி வந்தது. கிழக்கே திரும்பிக் கடற்கரைக்குப் போய், தேசாரு வரை கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கி, அங்கிருந்து மேற்கே செனாய்க்கு வந்தேன். தெற்கே அதிகம் விலகவும் முடியாது. அந்தப் பக்கம் சிங்கப்பூரின் நெரிசலான வான்வெளி. இறங்கியபோது எரிபொருள் நான் விரும்பும் அளவுக்கு இல்லை. கை நடுங்கியது. அந்த ஐந்து நிமிடத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒற்றை இடிமேகத்தின் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். முதல் கட்டத்தில் எல்லாம் ஏற்றம். நடுக்கட்டத்தில் ஏற்றமும் இறக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மழை தரையைத் தொட்டுவிட்டது என்றால் அது இந்தக் கட்டம், மிகக் கொடியது. கடைசியில் எல்லாம் இறக்கம். ஆகவே தரையில் காத்திருப்பவருக்கு இழப்பு ஒரு மணி நேரமும் ஒரு தே தாரேயும்தான். வானத்தில் இருந்தால் சுற்றிப் போக வேண்டும். பலத்த இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல் தள்ளிப் போகச் சொல்வார்கள். அந்த அளவைக் கஞ்சத்தனமாகக் குறைக்க வேண்டாம். நடுக்கட்டத்தில் மேகத்திலிருந்து கொட்டும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். அதற்குள் இறங்க வருகிற விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று கூடும், வேகம் ஏறும், விமானி பவரைக் குறைப்பார். அடுத்த சில விநாடியில் காற்று பின்னாலிருந்து தள்ளும், வேகம் சரியும், தரை பக்கத்தில் இருக்கும். 1985 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அமெரிக்காவின் டல்லஸில் ஒரு பெரிய ஜெட் விமானம் விழுந்தது இப்படித்தான். நம் நாட்டில் 1983 டிசம்பர் 18-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்த ஏர்பஸ் ஏ300, கனமழையில் ஓடுபாதைக்கு 2 கிலோமீட்டர் முன்பே தரையில் விழுந்தது. அதில் இருந்த எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அங்கே பார்வைதான் சிக்கல். மழைத் திரைக்கு அப்பால் ஓடுபாதை தெரியாத நிலையில் இறங்கிக்கொண்டே போனது.

"மத்தியானம் ஆபத்துன்னா காலையில பறந்தாப் போதும்தானே மாமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாடைக்காலம் முடிந்த மாதங்களில், தென்மேற்குக் காலத்தில் சிறப்பாக, காலைக்கு வேறொரு எதிரி உண்டு. அதன் பெயரே 'சுமத்ராஸ்'. இரவில் சுமத்ராவின் மேலோ நீரிணையின் மேலோ இடிமேகங்கள் வரிசை கட்டும். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அந்த வரிசையை அப்படியே நம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். விடியுமுன்னோ, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்திலோ பொந்தியானைத் தொடும். பொந்தியானிலிருந்து செனாய் 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். முதலில் மேற்கே வளைந்த விளிம்போடு ஒரு கறுப்புச் சுருள், அதன் கீழே சாம்பல் வெளிச்சம். பிறகு திடீரென்று குளிர்ந்த காற்று. வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். கட்டாமல் நிறுத்தி வைத்த சின்ன விமானத்தைக் கவிழ்க்க அது போதும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு, காற்று குளிர்ந்து அடங்கியிருப்பதால், பறக்க அருமையான முற்பகல் கிடைக்கும்.

இதை முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது. மெட்மலேசியாவின் ரேடார் படம் கைப்பேசியில் கிடைக்கிறது. சிங்கப்பூர் வானிலைச் சேவையின் 70 கிலோமீட்டர் ரேடார் வட்டத்துக்குள் செனாயும் அடங்கும். 240 கிலோமீட்டர் படத்தைத் திறந்தால் சுமத்ரா வரை தெரியும். மலாக்காவின் மெட்டாரையும் ஒரு பார்வை பாருங்கள். ஆறு மணிக்கு எழுந்து இதைப் பார்க்காமல் விமானத்தளத்துக்குக் கார் எடுப்பது வீண் வேலை.

ரேடார் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அது பார்ப்பது நீர்த்துளியை. உலர்ந்ததை அது பார்ப்பதில்லை. 1982 ஜூன் 24-ஆம் தேதி சுபாங்கிலிருந்து பெர்த்துக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, ஜாவாவில் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் நுழைந்து, 37,000 அடியில் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. ரேடார் திரை சுத்தமாக இருந்தது. கீழே வந்த பிறகு எஞ்சின்கள் மீண்டும் பிடித்து ஜகார்த்தாவில் இறங்கியது. நமக்கு எரிமலை இல்லை, புகைமூட்டம் இருக்கிறது. 2013 ஜூன் 23-ஆம் தேதி மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746 தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலங்கள் எரிந்த புகை. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வை வேண்டும். புகைமூட்டத்தில் கீழே பார்த்தால் தரை தெரியும், முன்னே பார்த்தால் அடிவானமே இருக்காது. விமானம் சாய்ந்திருப்பதே தெரியாது. அந்த நாட்களில் பறக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோத்தா திங்கியிலும் சிகாமட்டிலும் 2006 டிசம்பரில் வெள்ளம் கூரையைத் தொட்டதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்கள். சீனாவிலிருந்து குளிர்ந்த காற்று அலை அலையாகத் தென்சீனக் கடலில் இறங்கும். அலை வலுத்தால் இரண்டு மூன்று நாள் விடாமல் மழை, தாழ்ந்த மேகம். மத்தியான இடிமழை போல ஒரு மணி நேரத்தில் தீராது. காத்திருந்து பறக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆனால் 2001 டிசம்பர் 27-ஐ மட்டும் சொல்லியாக வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குள் சூறாவளி உருவாகாது என்று பாடநூல்கள் சொல்லும். பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிடும் விசை நடுக்கோட்டில் சுழியம்; அதன் அருகே மிகக் குறைவு. சுழற்றிவிட ஆள் இல்லாத பம்பரம் போல. அந்த டிசம்பரில் போர்னியோவின் ஓரத்தில் ஒரு சுழல் நகர்ந்து வந்து தென்சீனக் கடலின் குறுகிய தென்பகுதியில் நின்றது. வடக்கிலிருந்து பாய்ந்த வாடை அதைச் சுற்றிக்கொண்டு, பூமி தராத சுழற்சியைத் தானே தந்துவிட்டது. 1.4 பாகையில் வாமேய் புயல் பிறந்தது. உலகப் பதிவேட்டில் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பிறந்த சூறாவளி வேறில்லை. மறுநாள், 27-ஆம் தேதி, அது கரையேறியது நம் தென்கிழக்கு ஜொகூரில். செனாய்க்கு மேற்கே, நாம் சர்க்யூட் பறக்கும்போது அடையாளமாகப் பார்க்கும் குனோங் பூலாயின் சரிவு மண்ணாய் இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. இப்படியொன்று நூறு முதல் நானூறு ஆண்டுக்கு ஒருமுறை நிகழலாம் என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

"அப்போ புத்தகம் தப்பா மாமா?"

"தப்பில்லடா. புத்தகம் எழுதினவர் நம்ம கடலோட வடிவத்தைக் கணக்குல எடுக்கல."

கடைசியாக, மேசையை விட்டு எழும்போது அவன் ஒரு வார்த்தை சொன்னான். "பனிப்படிவு அதிகாரத்தை விட்டுட்டேன் மாமா, நம்ம ஊர்ல உறைநிலை 16,000 அடியிலதானே." என்னை மறுபடி உட்கார வைத்த வார்த்தை அது. இறக்கையில் பனி படியாது, சரி. கார்புரேட்டரில் படியும். எரிபொருள் ஆவியாகும்போதும், குறுகிய கழுத்து வழியே காற்று விரிந்து பாயும்போதும் உள்ளே வெப்பம் 20, 30 பாகை விழுந்துவிடும். வெளியே 27 பாகையும் நல்ல ஈரமும் இருந்தால் உள்ளே பனி. பவரைக் குறைத்து இறங்கும்போது இன்னும் மோசம். வறண்ட குளிர்காற்றைவிட ஜொகூரின் ஈரமான காலைப்பொழுது இதற்கு வாகானது. எஞ்சின் சுற்று மெல்ல மெல்லக் குறையும். பிள்ளைகள் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்துகொள்வார்கள். பிறகு இன்னும் கொஞ்சம். ஓடுபாதைக்கு முன் 500 அடியில் பவர் கேட்டால் எஞ்சின் தராது. 1996-க்குப் பிறகு வந்த செஸ்னா 172-களில் கார்புரேட்டர் கிடையாது. அவன் பறப்பது அதற்கு முந்திய விமானம். இறங்கத் தொடங்குமுன் கார்ப் ஹீட்டை முழுக்க இழுக்க வேண்டும். பாதி இழுப்பது கூடாது. சுற்று முதலில் குறைந்து, எஞ்சின் இருமி, பிறகு ஏறினால் உள்ளே பனி இருந்தது, உருகிவிட்டது என்று அர்த்தம். அந்த இருமலுக்குப் பயந்து ஹீட்டை மறுபடி உள்ளே தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அந்த அதிகாரத்தை அன்றே என் வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

வியாழக்கிழமை காலை 6.40-க்குக் குறுஞ்செய்தி வந்தது. "மாமா, மலாக்காவுல இடி போட்டிருக்கு. ரேடார்ல பொந்தியானுக்கு அந்தப் பக்கம் ஒரே சிவப்புக் கோடு. 7.30 பறப்பைத் தள்ளி வைக்கக் கேட்டிருக்கேன்." 7.50-க்கு ஸ்கூடாயில் எங்கள் வீட்டு வாசல் கதவு சட்டென்று அறைந்து சாத்தியது. கொடியில் கிடந்த துணி அண்டை வீட்டுக்குப் போனது. 9.15-க்கு மழை விட்டது.

10.30-க்கு இன்னொரு செய்தி. லாக் புக்கின் ஒரு வரியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். சர்க்யூட் ஆறு, ஓடுபாதை 16, காற்று 200 பாகை 6 நாட்.